அற்புதத்துக்கு யார் விலை கொடுப்பது?
‘கிளானாட்’ படமும் தொடரும்: ஓர் ஒப்பாய்வு

2007 செப்டம்பர் 15 அன்று ஜப்பானியத் திரையரங்குகளில் ‘கிளானாட்’ என்ற அனிமேஷன் படம் வெளியானது. 19 நாள் கழித்து, அக்டோபர் 4 அன்று, அதே பெயரில் அதே கதைமாந்தரைக் கொண்டு ஒரு தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. படத்தை எடுத்தது தோயி அனிமேஷன். தொடரை எடுத்தது கியோத்தோ அனிமேஷன். நாயகி நாகிசாவுக்கு இரண்டிலும் குரல் கொடுத்தவர் மை நகஹாரா ஒருவரே. நாயகன் தோமோயாவுக்குப் படத்தில் கென்ஜி நோஜிமா, தொடரில் யூயிச்சி நகமுரா. மூலம் ஒன்று, காலம் ஒன்று, நாயகியின் குரலும் ஒன்று. ஆனால் இரண்டும் சென்று சேரும் இடங்கள் முற்றிலும் வேறு. படத்தில் இறந்தவள் இறந்தவள்தான். தொடரில் அவள் திரும்பி வருகிறாள்.

இந்த வேறுபாட்டை ‘சோக முடிவு, சுப முடிவு’ என்று பிரித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது மேலோட்டமான பார்வை. ஒரு விளையாட்டைக் கதையாக மாற்றும்போது விளையாடுகிறவனின் உழைப்பு எங்கே போகிறது என்ற கேள்விக்கு இரண்டு இயக்குநர்கள் தந்த இரண்டு விடைகள் இவை. அப்படிப் பார்த்தால்தான் இரண்டின் பெருமையும் குறையும் விளங்கும்.

முதலில் மூலம். ‘கிளானாட்’ 2004 ஏப்ரல் 28 அன்று கணினிக்காக வெளிவந்த விஷுவல் நாவல். விஷுவல் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ‘கீ’ என்ற பிரிவு உருவாக்கியது. ‘கானன்’ (1999), ‘ஏர்’ (2000) ஆகியவற்றுக்குப் பிறகு அவர்களின் மூன்றாவது படைப்பு. முதல் இரண்டும் வயது வந்தோருக்கான காட்சிகளோடு வந்தவை. ‘கிளானாட்’ தொடக்கத்திலேயே எல்லா வயதினருக்குமாக எழுதப்பட்டது. காதல் விளையாட்டு என்ற வகைக்குள் நின்றுகொண்டே, காதலுக்குப் பிறகு வரும் வாழ்க்கையைப் பேச அதனால்தான் இடம் கிடைத்தது என்று நினைக்கிறேன். முதன்மைக் கதாசிரியர் ஜுன் மயேதா. இசையமைத்தவர்களிலும் அவர் ஒருவர். பாத்திரங்களை வரைந்தவர் இதாரு ஹினோயே.

விஷுவல் நாவல் என்பதை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திரையில் பின்னணி ஓவியம், அதன்மேல் பாத்திரத்தின் உருவம், அடியில் எழுத்துப் பெட்டி. வாசகர் சொடுக்கிச் சொடுக்கிப் படித்துக்கொண்டே போவார். சில இடங்களில் கதை நின்று, “நூலகத்துக்குப் போகலாமா, வகுப்புக்கே திரும்பலாமா?” என்பதுபோல ஒரு தெரிவு கேட்கும். அந்தத் தெரிவுகளைப் பொறுத்துக் கதை ஏதோ ஒரு பெண்ணின் பாதையில் திரும்பும். அது முடிந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கி வேறொரு பாதை. ‘கிளானாட்’டை முழுமையாகப் படிக்க எத்தனையோ இரவுகள் வேண்டும்.

கதை சொல்பவன் தோமோயா ஒகாசாகி. மேனிலைப் பள்ளியின் கடைசி ஆண்டு. தாய் விபத்தில் இறந்துவிட்டாள். தந்தை நவோயுகி குடியில் மூழ்கியவர். அவரோடு நடந்த ஒரு சண்டையில் தோமோயாவின் வலது தோள் அடிபட்டுப்போனது. கையை மேலே தூக்க முடியாது. கூடைப்பந்துக் கனவும் அதோடு போயிற்று. அதற்குப் பிறகு தந்தை அவனிடம் அந்நியரோடு பேசுவதுபோல மரியாதையாகப் பேசத் தொடங்குகிறார். அடியைவிட அந்த மரியாதைதான் அவனை அதிகம் வருத்துகிறது. இந்த ஊரே பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு திரிபவன், பள்ளிக்கு ஏறும் மேட்டுப் பாதையின் அடியில், செர்ரி மரங்களுக்கு நடுவே, ஏறத் துணிவில்லாமல் நிற்கும் ஒருத்தியைச் சந்திக்கிறான். உடல்நலக் குறைவால் ஓராண்டைத் திரும்பப் படிக்கிற நாகிசா ஃபுருகாவா. கூடப் படித்தவர்கள் எல்லாரும் போய்விட்ட பள்ளிக்கு அவள் தனியாக ஏற வேண்டும். அவளோடு சேர்ந்து ஏறுகிறான்.

விளையாட்டு இரண்டு பகுதிகளாக நடக்கிறது. முதலாவது பள்ளி வாழ்க்கை. இரண்டாவது ‘ஆஃப்டர் ஸ்டோரி’ எனப்படும் பிற்கதை: தோமோயா மின்பணியாளனாக வேலைக்குப் போகிறான், நாகிசாவை மணக்கிறான், பனி கொட்டும் நாளில் மகள் உஷியோ பிறக்கிறாள், நாகிசா இறக்கிறாள். காதல் விளையாட்டுகள் பெரும்பாலும் காதலைச் சொல்லி ஏற்றுக்கொள்ளும் இடத்தில் திரையை இறக்கிவிடும். மயேதா அங்கிருந்துதான் கதையைத் தொடங்கினார். வாடகை அறை, மாதச் சம்பளம், மாமனார் வீடு, பிரசவம், சாவு. இந்த வகைக்குள் அன்று இது பெரிய துணிச்சல்.

இனி சிக்கலான இடத்துக்கு வருவோம். ஒவ்வொரு பாதையிலும் யாராவது ஒருவருடைய துயரம் தீர்ந்து அவர் மகிழும்போது, விளையாடுகிறவருக்கு ஓர் ஒளிக்கோளம் கிடைக்கிறது. நாகிசாவின் பாதையில் மட்டும் நடந்து இவை எல்லாவற்றையும் பெற முடியாது. மற்றப் பெண்களின் கதைகள், நண்பன் சுனோஹாராவின் கதை, விடுதிப் பொறுப்பாளர் மிசாயேயின் கதை என்று பல பாதைகளிலும் நடக்க வேண்டும். குறிப்பிட்ட அளவு சேர்ந்தால்தான் பிற்கதைக்கே கதவு திறக்கும். எல்லாம் சேர்ந்தால்தான் நாகிசா பிழைக்கிற முடிவு. சேராவிட்டால், தாய்க்கு இருந்த அதே காய்ச்சல் மகளையும் கொண்டுபோகிற இடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

அதாவது, அற்புதம் இலவசமாக வருவதில்லை. வாசகர் பல பிறவிகள் எடுத்து, ஒவ்வொரு பிறவியிலும் வேறொருவருக்காகப் பாடுபட்டு, கடைசியில் தான் விரும்பியவளுக்காக அந்தப் பலனைச் செலவிடுகிறார். தோமோயாவுக்கு அந்தப் பிறவிகள் நினைவில் இல்லை, வாசகருக்கு நினைவிருக்கிறது. இந்த ஏற்பாடு விளையாட்டு என்ற வடிவத்தில் மட்டுமே இயலும். உட்கார்ந்து பார்க்கிறவருக்குப் பிறவி ஒன்றே. அவர் எதையும் தெரிவு செய்யவில்லை, எதையும் இழக்கவில்லை. அப்படியிருக்க, திரையில் நாகிசா உயிர் பெற்றால் அதற்கான விலையை யார் கொடுத்தது?

படத்தை இயக்கிய ஒசாமு தெசாகி இதற்கு அளித்த விடை: யாரும் கொடுக்கவில்லை, ஆகவே அற்புதமும் இல்லை.

தெசாகி அப்போது அறுபதைக் கடந்தவர். 1970இல் ‘அஷிதா நோ ஜோ’ என்ற குத்துச்சண்டைத் தொடரை இயக்கியவர். ‘வெர்சாயின் ரோஜா’ தொடரின் பின்பாதியைக் கையில் எடுத்துக்கொண்டவர். ஜப்பானிய அனிமேஷனில் கேமரா மொழி என்ற ஒன்றைக் கட்டியவர்களுள் முன்வரிசையில் நிற்பவர். ‘கீ’யின் முந்தைய படைப்பான ‘ஏர்’ 2005இல் படமானபோதும் அவரே இயக்குநர். அந்த ஆண்டும் இதே கூத்து நடந்தது: ஜனவரியில் கியோத்தோவின் தொடர், பிப்ரவரியில் தோயியின் படம். ‘கானன்’ கூட 2002இல் தோயியிடமும் 2006இல் கியோத்தோவிடமும் தனித்தனித் தொடராக வந்தது. மூன்று படைப்புகளையும் இரு நிறுவனங்களும் மாறி மாறிச் செய்திருக்கின்றன. மூன்றில் எதிர்த்திசை மிகத் தெளிவாகத் தெரிவது ‘கிளானாட்’டில்தான்.

தெசாகியின் கையில் இருந்தது ஒன்றரை மணி நேரம். மற்றப் பெண்களில் ஃபூகோவின் கதை இல்லை, கொதோமியின் கதை இல்லை, ஒளிக்கோளம் என்ற ஏற்பாடே இல்லை. நாகிசாவும் தோமோயாவும் மட்டும் நடுவில் நிற்கிறார்கள். சுனோஹாரா, கியோ, தொமோயோ முதலியோர் சுற்றிலும் நண்பர்களாக இருக்கிறார்கள். விளையாட்டில் அவ்வப்போது வரும் ‘மாய உலகம்’, உயிரற்ற வெளியில் ஒரு சிறுமியும் குப்பையிலிருந்து அவள் செய்த பொம்மையும் மட்டும் இருக்கிற உலகம், படத்தில் கனவாகவும் நாகிசாவின் பள்ளி நாடகக் கதையாகவும் வருவதோடு சரி. அது யாரையும் காப்பாற்றும் கருவியாவதில்லை.

அவர் செய்த பெரிய மாற்றம் வரிசையில்தான் இருக்கிறது. பள்ளிக் காலம் முடிந்ததும் படம் மணவாழ்க்கைக்குள் நிதானமாக நடந்து போவதில்லை. ஒரே தாவில் நாகிசா இல்லாத தோமோயாவிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. அவள் போய்விட்டாள் என்பது முதலில் தெரிகிறது. அவளோடு வாழ்ந்த நாட்கள் பிறகு துண்டு துண்டாக நினைவில் எழுகின்றன. மகிழ்ச்சியான ஒவ்வொரு காட்சியையும் இழப்பை அறிந்தே பார்க்க வேண்டியிருக்கிறது. சோறு பரிமாறுவதும் சிரிப்பதும்கூட வலிக்கின்றன. நம் புறத்திணை மரபில் கையறுநிலை என்று ஒரு துறை உண்டு: மாண்டவரை எண்ணி, செய்வதற்கு ஏதுமின்றி நிற்பவரின் பாட்டு. தெசாகியின் பின்பாதி அந்தத் துறைக்குள் நிற்கிறது. ஆறுதலை அது அவசரமாகத் தேடவில்லை.

அவருடைய காட்சி முறையும் இதற்குத் தோதானது. ஓடிக்கொண்டிருக்கும் காட்சி சட்டென்று உறைந்து, கையால் தீட்டிய வண்ண ஓவியமாக மாறிவிடும். தெசாகியை அறிந்தவர்களுக்கு அது அவருடைய கையெழுத்து. ஒரே அசைவை இரண்டு மூன்று முறை அடுத்தடுத்துக் காட்டுவார். ஒளியைக் கண் கூசும்படி பாய்ச்சுவார். 2007இலேயே இவை பழைய பாணியாகத் தோன்றின. இன்று பார்க்கிற இளையவர்களுக்கு இன்னும் விசித்திரமாக இருக்கலாம். ஆனால் நினைவு என்பது இப்படித்தான் வேலை செய்கிறது என்று எனக்குப் படுகிறது. இறந்தவர்களை நாம் படமாக ஓட்டிப் பார்ப்பதில்லை. ஒரு திரும்பல், ஒரு சிரிப்பு, ஒரு கையசைப்பு உறைந்து நிற்கிறது. அதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். பாணி பழையது என்று ஒதுக்குகிறவர்கள், அந்தப் பாணி இந்தக் கதைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. முதல் பாதி ஓடுகிறது. தோமோயா எப்போது நாகிசாவை விரும்பத் தொடங்கினான் என்பதை நாம் உணர்வதற்குள் காதல் முற்றிவிடுகிறது. விளையாட்டை அறியாதவருக்குக் கியோவும் தொமோயோவும் யாரென்றே பிடிபடாது. பாத்திரங்கள் மூலத்தைவிட உரக்கப் பேசுகிறார்கள், உரக்க நடிக்கிறார்கள். நாகிசாவின் கூச்சம், ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அவள் எடுத்துக்கொள்ளும் சிறு தயக்கம், படத்தில் பாதி கரைந்துவிட்டது.

தொடரின் கதை வேறு. இயக்குநர் தத்சுயா இஷிஹாரா, திரைக்கதைத் தொகுப்பு ஃபுமிஹிகோ ஷிமோ. முதல் தொடர் 2007 அக்டோபர் முதல் 2008 மார்ச் வரை. இரண்டாவது தொடரான ‘ஆஃப்டர் ஸ்டோரி’ 2008 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை. கிளைக்கதைகளையும் தொகுப்பையும் விட்டுவிட்டால் முதன்மைக் கதைக்கே 44 பகுதிகள், ஒவ்வொன்றும் சுமார் 24 நிமிடம். தெசாகிக்கு இல்லாத செல்வம் இது. ஆனால் நேரம் இருப்பதால் மட்டும் சிக்கல் தீராது. கொதோமியின் பாதையில் தோமோயா கொதோமியைக் காதலிக்கிறான். கியோவின் பாதையில் கியோவை. ஒன்றோடொன்று ஒத்துவராத பிறவிகளை ஒரே பிறவிக்குள் எப்படி அடைப்பது?

இஷிஹாராவும் ஷிமோவும் காதலை எடுத்துவிட்டுக் கருணையை வைத்தார்கள். ஃபூகோ விபத்தில் சிக்கி நினைவின்றி மருத்துவமனையில் கிடப்பவள். அவளுடைய உருவம் மட்டும் பள்ளியில் அலைந்து, அக்காவின் திருமணத்துக்கு ஆள் சேர்க்க மரத்தில் நட்சத்திர மீன் செதுக்கி எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. மெல்ல மெல்ல எல்லாரும் அவளை மறந்துபோகிறார்கள். தொடரில் தோமோயாவும் நாகிசாவும் சேர்ந்து அவளுக்குத் துணை நிற்கிறார்கள். அந்தக் குழந்தைத்தனமான பெண்ணை இருவருமாகப் பார்த்துக்கொள்ளும் விதத்தில், பின்னால் வரப்போகும் பெற்றோரின் சாயல் இப்போதே தெரிகிறது. மூலத்தில் இத்தனை அழுத்தமாக இல்லாத ஒன்றைத் தொடர் கண்டெடுத்த இடம் இது.

கொதோமியின் கதையும் அப்படியே. ஆராய்ச்சியாளர்களான பெற்றோரை விமான விபத்தில் சிறு வயதிலேயே இழந்தவள். அவளுக்கென்று அவர்கள் வாங்கிய கரடி பொம்மை ஒரு பெட்டியில், பல நாடுகளில் பல கைகள் மாறி, ஆண்டுகள் கழித்து அவளிடம் வந்து சேருகிறது. அவள் வீட்டுத் தோட்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில் தொடர் நண்பர்கள் எல்லாரையும் சேர்த்துக்கொள்கிறது. ஒருவனின் காதல் செய்த வேலையை ஒரு கூட்டத்தின் நட்பு செய்கிறது. கதையின் மொத்தப் போக்கே ‘ஊர்தான் குடும்பம்’ என்ற இடத்துக்குப் போவதால், இந்த மாற்றம் மூலத்தின் உள்ளத்துக்கு இன்னும் நெருக்கமானது என்பேன்.

கியோ, அவளுடைய இரட்டைத் தங்கை ரியோ, தொமோயோ ஆகிய மூவரின் பாதைகளைத் தொடர் ஒரு டென்னிஸ் மைதானத்தில் முடித்துவிடுகிறது. பந்து பட்டு நாகிசாவுக்கு அடிபடுகிறது. தோமோயா எதையும் யோசிக்காமல் அவளிடம் ஓடுகிறான். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற மூன்று பெண்களுக்கும் விடை தெரிந்துவிட்டது. கியோ அழுகிறாள், ரியோ அழுகிறாள், ஒருத்தி மற்றவளைத் தேற்றுகிறாள். விளையாட்டில் ஒரு தெரிவு மற்றத் தெரிவுகளைக் கொல்கிறது. அந்தக் கொலையின் வலி விளையாடுகிறவருக்குத்தான் தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது. தொடர் அந்த வலியைப் பாத்திரங்களிடமே கொடுத்துவிட்டது. விளையாட்டின் இயக்கத்தை ஒரே நிமிடத்தில் நாடகமாக மாற்றிய இந்தக் காட்சியைத் தழுவல் கலைக்கே பாடமாக வைக்கலாம். விட்டுப்போன தொமோயோவின் பாதையும் கியோவின் பாதையும் பிறகு 2008, 2009 ஜூலை மாதங்களில் டிவிடியில் தனிக் கதைகளாக வந்தன. அவை ரசிகர்களுக்கான கொசுறு; தொடருக்கு அவற்றின் தேவை இல்லை.

கியோத்தோவின் காட்சி மொழி தெசாகியினுடையதற்கு நேர்மாறு. உறைந்த ஓவியமோ அசைவைத் திரும்பச் சொல்வதோ இல்லை. சிறு செயல்களில் அது உயிர் வைக்கிறது: பேச்சுக்கு முன் நாகிசா மார்போடு சேர்த்துக்கொள்ளும் விரல்கள், மின்கம்பத்தில் முதல் நாள் வேலை செய்த தோமோயா இரவில் கை நடுங்கிக் கிடப்பது. நிகழ்காலத்தின் மொழி அது. தெசாகி நமக்கு நாகிசாவின் நினைவைக் கொடுக்கிறார். இஷிஹாரா நாகிசாவைக் கொடுக்கிறார். அதனால்தான் இரண்டாவது தொடரின் 16ஆம் பகுதியில் அவள் இறக்கும்போது அது செய்தியாக வராமல் நேரில் நடக்கிறது. பனி வழியை அடைத்துவிட்டது, மருத்துவமனைக்குப் போக முடியவில்லை, வீட்டிலேயே பிரசவம். குழந்தையின் அழுகுரல் கேட்கிறது. நாகிசாவின் குரல் நின்றுபோகிறது.

படமும் தொடரும் மிக அருகில் வந்து உரசிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இரண்டிலும் ரயில் இருக்கிறது. இரண்டிலும், மகளைப் பார்க்கவே துணியாத தந்தையை மற்றவர்கள் வற்புறுத்தியோ சூழ்ச்சி செய்தோ அவளிடம் கொண்டுசேர்க்கிறார்கள். படத்தில் நண்பர்கள் அவனை வீட்டிலிருந்து வெளியே இழுத்து வருகிறார்கள். ரயில் நிலையத்தில் உஷியோ வருகிறாள். தோமோயா அவளை அணைத்துக்கொள்கிறான். படம் முடிந்தது. மன்னிப்பு, விளக்கம், எதிர்காலம் எதுவும் பேசப்படுவதில்லை. இறந்தவளை மீட்க முடியாது. இருப்பவளைக் கைவிடாமல் இருக்கலாம். தெசாகி அதற்கு மேல் எதையும் வாக்களிக்கவில்லை.

தொடரில் அதே சந்திப்பு 18ஆம் பகுதியில், கதையின் நடுவில் வருகிறது. உஷியோவுக்கு ஐந்து வயது. இத்தனை ஆண்டுகளாக அவளை வளர்த்தவர்கள் நாகிசாவின் பெற்றோர் ஆகியோவும் சானாயேயும். எல்லாருமாகப் பயணம் போகலாம் என்று அழைத்துவிட்டு, கிளம்பும் நாளில் இருவரும் மறைந்துகொள்கிறார்கள். பேசத் தெரியாத தந்தையும் அழத் தெரியாத மகளும் ரயிலில் தனியாக. ஒரு பூவெளியில் தந்தை வாங்கித் தந்த பொம்மையை உஷியோ தொலைத்துவிடுகிறாள். வேறு வாங்கலாம் என்கிறான் அவன். அவளுக்கு அது மட்டும்தான் வேண்டும், ஏனென்றால் அப்பா அவளுக்கு முதன்முதலாக வாங்கித் தந்தது அது. அவள் தேடிக்கொண்டிருக்க, கடலை நோக்கி நீளும் முனையில் தோமோயா ஒரு மூதாட்டியைச் சந்திக்கிறான். நவோயுகியின் தாய், அவனுடைய பாட்டி ஷினோ. மனைவியை இழந்த நவோயுகி, சிறு பிள்ளையான தோமோயாவோடு இதே இடத்தில் நின்று, இவனைத் தனியாக வளர்த்து ஆளாக்குவேன் என்று உறுதி எடுத்த கதையை அவள் சொல்கிறாள். வேலை, அதிர்ஷ்டம், நண்பர்கள் என்று எல்லாவற்றையும் இழந்தும் அந்தப் பிள்ளையின் கையை மட்டும் அவர் விடவில்லை. தான் வெறுத்த தந்தை செய்ததைக்கூடத் தான் செய்யவில்லை என்பது தோமோயாவுக்கு அப்போதுதான் உறைக்கிறது.

திரும்பி ஓடுகிறான். அழுவதற்கு இரண்டு இடங்கள்தான் உண்டு என்று சானாயே சொல்லிக்கொடுத்திருப்பதாக உஷியோ சொல்கிறாள்: ஒன்று கழிப்பறை, மற்றொன்று அப்பாவின் மடி. அந்த மடி அவளுக்கு இதுவரை கிடைத்ததில்லை.

இந்த ஒரு பகுதிக்காகவே தொடரைப் படத்துக்கு மேலே வைப்பேன். படத்தின் ரயில் நிலையத்தில் இருப்பது உணர்ச்சி. தொடரின் பூவெளியில் இருப்பது மூன்று தலைமுறையின் கணக்கு. தந்தையை மன்னிப்பதும் மகளை ஏற்பதும் ஒரே செயல் என்று அது காட்டுகிறது. நவோயுகிக்குப் படத்தில் இத்தனை இடம் கிடையாது. அந்த இடம் இல்லாமல் தோமோயாவின் திரும்புதலுக்கு முழுப் பொருளும் கிடையாது. அடுத்த பகுதியில் அவன் தந்தையைத் தேடிப்போய், இதுவரை பட்டபாடு போதும், ஊருக்குப் போய் ஓய்ந்திருங்கள் என்கிறான். அவர் ஊருக்குக் கிளம்புவதை நின்று பார்க்கிறான். அங்கேயே கதை முடிந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் தொடர் மூலத்துக்கு உண்மையாக இருக்க விரும்புகிறது. உஷியோவும் நோயில் விழுகிறாள், பனியில் தந்தையின் கையில் இறக்கிறாள். பிறகு மாய உலகம் விரிகிறது. அந்தச் சிறுமி யார், பொம்மை யார் என்பது தெரியவருகிறது. ஊரெங்கும் ஒளிகள் எழுகின்றன. தோமோயா மீண்டும் அந்த மேட்டுப் பாதையின் அடியில் நிற்கிறான். இம்முறை நாகிசாவைப் பெயர் சொல்லி அழைக்கிறான். அவள் பிரசவத்தில் பிழைத்துக்கொள்கிறாள். சின்ன வயதில் நாகிசா சாகக் கிடந்தபோது ஆகியோ அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு பசுமையான இடத்தில் நின்று வேண்டினார் என்றும், ஊரின் உயிரே அவளுக்குள் புகுந்தது என்றும், அந்த இடம் அழிக்கப்பட்டு மருத்துவமனை எழும்போது அவளும் தளர்கிறாள் என்றும் தொடர் முன்பே விதைத்திருக்கிறது. விலை கொடுப்பது ஊர்: தோமோயா ஊராருக்குச் செய்த நன்மையை ஊர் அவனுக்குத் திருப்பித் தருகிறது. எண்ணிப் பார்த்தால் இது சரியான விடைதான்.

எண்ணிப் பார்த்தால் என்பதுதான் குறை. ஒளிகள் எப்போது, எதற்காகச் சேர்ந்தன என்பது விளையாடியவருக்குக் கையில் உணர்ந்த உண்மை. பார்ப்பவருக்கோ கடைசி நேர விளக்கம். 20 பகுதிகளில் நிதானமாக நடந்த தொடர், கடைசி இரண்டு பகுதிகளில் சாவையும் மாய உலகத்தையும் மீட்சியையும் வேகமாகக் கடந்துவிடுகிறது. உஷியோவை இழந்த அதிர்ச்சி ஆறுமுன்னே அவள் தொட்டியில் குளித்துக்கொண்டிருக்கிறாள். முதல் முறை பார்க்கிற பலர் “எல்லாம் கனவா?” என்று கேட்பதில் அவர்கள் தவறு ஏதுமில்லை. ஒளிகளை இன்னும் முன்பே, ஃபூகோவின் கதை முடியும்போதும் கொதோமியின் கதை முடியும்போதும், மறக்க முடியாதபடி காட்டியிருக்க வேண்டும். தொடர் தொட்டுவிட்டு நகர்ந்தது. அதன் கடன் கடைசிப் பகுதியில் வந்து சேர்ந்தது.

ஆகவே முடிவு என்ற ஒன்றை மட்டும் எடுத்தால் தெசாகியின் படமே நேர்மையானது. தன் வடிவத்தால் சம்பாதிக்க முடியாத அற்புதத்தை அது கேட்கவில்லை. முடிவுக்கு இட்டுச் செல்லும் வழி முழுவதையும் எடுத்தால் தொடருக்கு ஈடு இல்லை. நாகிசாவின் நாடக மேடைக் காட்சி ஒன்றே போதும். தனக்காகப் பெற்றோர் தங்கள் கனவுகளைக் கைவிட்டதை அறிந்து அவள் மேடையில் உடைந்து நிற்கும்போது, கூட்டத்தின் பின்னாலிருந்து ஆகியோ கத்துகிறார்: கனவைக் கைவிடவில்லை, உன் கனவை எங்கள் கனவாக்கிக்கொண்டோம் என்று. பேக்கரிக்காரரான அந்த முரட்டுத் தந்தைக்கு ரியோதாரோ ஒகியாயு கொடுத்த குரல் அரங்கத்தையே உலுக்கும். இப்படியொரு குடும்பத்தைப் பார்த்த பிறகுதான் தோமோயா எதை இழந்தான் என்பது நமக்கு முழுதாகப் புரிகிறது.

இரண்டையும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். தொடரை முதலில் பாருங்கள். அவசரப்படாமல், ஃபூகோவின் பகுதிகள் நீள்வதாகத் தோன்றினாலும் தள்ளிவிடாமல் பாருங்கள். சில மாதங்கள் போகட்டும். பிறகு தெசாகியின் படத்துக்கு வாருங்கள். வரிசையை மாற்றினால் படத்தின் அவசரம் மட்டுமே கண்ணில் படும். விளையாட்டின் ஆங்கிலப் பதிப்பு 2015 முதல் ஸ்டீம் தளத்தில் கிடைக்கிறது. அற்புதத்துக்கான விலையைத் தானே கொடுத்துப் பார்க்க நினைப்பவர்கள் அதையும் படிக்கலாம்.